போக ஒரு சீட்டு, வர ஒரு சீட்டு

உத்தரப் பிரதேசத்தில் பிரயாக்ராஜ் அருகே தயால்பூர் என்றொரு சிறு ரயில் நிலையம். சீட்டு விற்பனை போதாதென்று 2006-ல் மூடிவிட்டார்கள். ஊரார் விடாமல் மன்றாடியதன் பேரில் 2022-ல் திறந்தார்கள். மறுபடி மூடிவிடக்கூடாதே என்ற கவலையில், எங்கும் போக வேண்டாதவர்களும் பணம் திரட்டிச் சீட்டு வாங்கத் தொடங்கினார்கள். படித்ததும் சிரித்தேன், பிறகு வெட்கப்பட்டேன். சேலையூர்க்காரனான எனக்குத் தாம்பரத்தில் ரயிலுக்கு என்றைக்குமே பஞ்சமில்லை.

சும்மா வாங்கி மடித்து வைப்பதைவிட ஏறிப் போய்வரலாமே என்று, எங்கள் தெருவினர் பதினொரு பேர் ராயபுரத்துக்குப் புறப்பட்டோம். தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் 1856 ஜூலை 1-ந் தேதி வாலாஜா ரோடுக்குக் கிளம்பிய நிலையம் அது. சிதைந்து கிடந்த கட்டடத்தை 2005-ல் புதுப்பித்தார்கள். கடற்கரையில் வண்டி மாறி இறங்கினால், தூண்கள் கம்பீரமாக நிற்கின்றன, ஆட்கள்தான் குறைவு.

உடன்வந்த தாத்தா ரயில்வேயில் சீட்டுக் கொடுத்து ஓய்வு பெற்றவர். "தம்பி, ரிட்டன் எடுத்துடாதே" என்று தாம்பரத்திலேயே தடுத்துவிட்டார். நிலையத்தின் வருமானம் என்பது அங்கே விற்ற சீட்டின் கணக்கு. இருவழிச் சீட்டை இங்கே வாங்கினால் முழுத் தொகையும் தாம்பரத்தின் பேரில்தான் ஏறும். போய் இறங்கும் நிலையத்துக்குக் காலணாக்கூடச் சேராது. நல்லெண்ணம் மட்டும் போதாது, கணக்கும் தெரிய வேண்டியிருக்கிறது!

மாலையில் ராயபுரத்துச் சன்னலில் பதினொரு சீட்டுக் கேட்டோம். உள்ளே இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏதாவது கல்யாணமா?" என்றார்.