பருப்பென்று எண்ணிய உயிர்

எகிப்து நாட்டுப் பிரமிட்டுகளின் அருகே பருப்பைப் போன்ற சிறு வட்டக் கற்கள் குவிந்து கிடந்தன. பிரமிட்டுக் கட்டிய தொழிலாளர் உண்டு மிஞ்சிய உணவே அவ்வாறு கல்லாயிற்று என்று மக்கள் கூறிய கதையைப் பண்டைக் கிரேக்க அறிஞர் ஸ்திராபோ தம் நூலிற் குறித்து வைத்தார். உண்மையில் அவை பருப்புமல்ல, சோறுமல்ல. 4 கோடி ஆண்டுகளுக்கும் முன்னே கடலில் வாழ்ந்து மடிந்த தனிக்கல உயிர்களின் ஓடுகளே அவை. நாணயத்தை ஒத்த வடிவினால் நம்முலைற்று எனப் பெயர் பெற்றன.

இவை பொராமினிபெரா என்னும் பெருங்குலத்தைச் சேர்ந்தவை. துளை, தாங்குதல் என்னும் பொருளுடைய இரு இலத்தீன் சொற்களின் சேர்க்கை அப்பெயர். ஆதலின் யாம் துளைதாங்கி எனலாம். கண்ணில்லை, வாயில்லை, நரம்பில்லை; உள்ளது ஒரேயொரு கலம். ஆயினும் அது தனக்கென ஒரு மனை கட்டுகின்றது. சில கடல்நீரிலுள்ள சுண்ணாம்பைக் கொண்டு கட்டும்; சில மணற்றுகள்களைப் பொறுக்கி ஒட்டிக் கட்டும். உடல் வளருந்தோறும் புதிய அறையொன்றைச் சேர்க்கும். அறைக்கும் அறைக்கும் இடையே துளை விடும். நூலினும் மெல்லிய போலிக்கால்களை வெளியே நீட்டி, வலைபோல் விரித்து இரை கொள்ளும். பெரும்பாலானவை 1 மில்லிமீற்றருக்கும் சிறியன. ஆழ்கடலில் 20 சென்ரிமீற்றர் அளவினவும் உள.

இவற்றை எவ்வினத்தில் வைப்பது? 1826 ஆம் ஆண்டிற் பிரெஞ்சு அறிஞர் அல்சீத் தொர்பிஞி இக்குலத்துக்குப் பெயரிட்டார். ஓடுகள் அறையறையாகச் சுருண்டிருத்தலைக் கண்டு, கணவாய்க்கு உறவான நோட்டிலசு என்னும் பிராணியின் இனத்தோடு இவற்றைச் சேர்த்தார். 1835 இல் துஜார்தான் என்பார் உயிருள்ளவற்றையே ஆராய்ந்து, உள்ளே உறுப்பு எதுவுமில்லை, பசை போன்ற எளிய உயிர்ப்பொருளே உண்டு என்று காட்டினார். தொர்பிஞியும் பின்னர்த் தம் கொள்கையைத் திருத்திக்கொண்டார். புலமைக்கு அழகு பிழையாமை மட்டுமன்று. பிழை கண்டவிடத்துத் திருந்துதலுமாம்.

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களைப் புறவடிவால் வகுக்காது, அறியும் அறிவின் அளவால் வகுத்தமை இங்கே நினைக்கத்தக்கது. தோற்றம் ஒன்றையே நம்புவோர் வழுவுவர். ஓட்டின் பொருளையும் அமைப்பையும் கொண்டு நெடுங்காலம் செய்த பாகுபாடும் அண்மையில் மாறியது. பரம்பரையலகுகளை ஒப்பிட்ட ஆய்வாளர் 2013 இல் வேறொரு வகுப்புமுறையை முன்வைத்தனர். அதன்படி ஓரறையின ஒரு சார். உருண்டை அறைகளோடு வளரத் தொடங்குவன ஒரு சார். குழல் அறையோடு தொடங்குவன மற்றொரு சார்.

இச்சிற்றுயிரால் வரும் பயன் பெரிது. பாறையிலுள்ள ஓட்டின் வகையை நோக்கிப் பாறையின் வயதைக் கணிப்பர். எண்ணெய் தேடுவோர்க்கு இது வழிகாட்டி. ஓட்டிலுள்ள ஒட்சிசனின் சமதானிகளை அளந்து, பண்டைக் கடலின் வெப்பநிலை ஏறியிறங்கிய வரலாற்றைச் செசாரே எமிலியானி 1955 இல் வெளியிட்டார். இன்றோ, நாம் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் உமிழும் கரியமிலவாயு கடலிற் கரைந்து, அதன் காரத்தன்மையைக் குறைத்து வருகின்றது. சுண்ணாம்பால் மனை கட்டும் உயிர்க்கு அதனினும் இடர் வேறில்லை. கடலின் வரலாற்றை எழுதிவைக்கும் கணக்கப்பிள்ளையின் ஏட்டையே நாம் அரிக்கின்றோம்.

எகிப்துவரை போகவும் வேண்டுவதில்லை. நமது யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லும் மயோசீன் காலத்துக் கடலடியிற் படிந்ததே. அதனுள்ளும் இவ்வோடுகள் உள. ஆசிரியர்காள், கைவில்லையொன்றை மாணவர் கையிற் கொடுத்து, கிணறு தோண்டிய கல்லொன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். நாம் நாளும் பருகும் நீர் அக்கல்லினூடே ஊறி வருவது என்பதையும் மறவாது சொல்லுங்கள்.