பவாய் ஏரியில் கோடைத் தூண்டில்

சித்திரை பிறந்தால் ஊர் நினைவு வருவது இயல்பு. திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்தவர்களுக்குக் குளம். மதுரை, சிவகங்கைப் பக்கத்தவர்களுக்குக் கண்மாய். நீர் வற்றும் கோடையில் ஊத்தாவும் வலையுமாக ஊரே இறங்கும் மீன்பிடித் திருவிழாவை மறக்க முடியுமா?

மும்பையில் நமக்கு வாய்த்தது பவாய் ஏரி. 1891-ல் குடிநீருக்காக அணை கட்டி உண்டாக்கியது. தண்ணீர் குடிக்க லாயக்கில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் கட்லா, ரோகு, ஜிலேபிக் கெண்டை எல்லாம் அதில் உண்டு. ஜிலேபி நம் நாட்டு மீன் அல்ல. 1952-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இன்று ஏரி, குளம் எல்லாவற்றிலும் அதன் ராஜ்யம்தான்.

கோடையில் மீன் எங்கே இருக்கும்? கரையை ஒட்டி, முழங்கால் முதல் இடுப்பளவு வரை நீர் நிற்கும் மேட்டுத்தரையில். ஆண் ஜிலேபி அங்கேதான் தட்டுப்போல் வட்டக் குழி பறிக்கும். பெண் மீன் முட்டைகளை வாயில் வைத்துக் காக்கும். மேடு முடிந்து பள்ளம் தொடங்கும் விளிம்புதான் நல்ல இடம். வெயில் ஏறினால் மீன் பள்ளத்துக்குப் போகும்; தணிந்தால் இரை தேடி மேட்டுக்கு வரும். அமெரிக்க ஏரிகளில் 'கிராப்பி' என்ற மீனைக் கோடையில் தேடுபவர்களும் இதே கணக்கைத்தான் பார்க்கிறார்கள்.

அந்த விளிம்பை நீரில் இறங்காமலே கண்டுபிடிக்கலாம். முள்ளில் ஈயக்குண்டைக் கோத்து, தக்கையை ஓர் உயரத்தில் நிறுத்தி வீசுங்கள். தக்கை மூழ்கினால் ஆழம் அதைவிட அதிகம். படுத்து மிதந்தால் குறைவு. நாலைந்து தடவை வீசினால் ஏரியின் தரை உங்கள் மனதில் வரைபடமாகிவிடும். பிறகு சின்ன முள், மண்புழு அல்லது கோதுமை மாவு உருண்டை போதும்.

விடியற்காலைதான் மீனுக்கு நேரம் என்பார்கள். நானும் பல நாள் ஐந்து மணிக்கே போய் வெறுங்கையுடன் திரும்பியிருக்கிறேன். காரணம் பிராணவாயு. 20 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். ஆகாயத்தாமரையும் சாக்கடையும் சேர்ந்த ஏரியில் இரவெல்லாம் அதுவும் செலவாகி, விடியும்போது மிகக் குறைந்திருக்கும். திணறும் மீன் இரை எடுக்குமா? எனவே கோடையில் காலை ஏழரை முதல் ஒன்பதரை வரையிலும், மாலை ஐந்துக்கு மேலும் போய்ப் பாருங்கள்.

மூன்று எச்சரிக்கைகள். அனுமதியின்றித் தூண்டில் போடாதீர்கள். ஏரியிலுள்ள மகாராஷ்டிரா ஸ்டேட் ஆங்கிலிங் அசோசியேஷனில் முதலில் விசாரியுங்கள். இரண்டாவது, இங்கே முதலைகள் உண்டு; அவை கோடையில்தான் கரையில் முட்டையிட்டுக் காவல் இருக்கும். குழந்தைகளை நீரோரம் விடாதீர்கள். மூன்றாவது, சாக்கடை கலக்கும் நீர் இது. பிடித்த மீனைச் சமைக்காமல் நனைந்த கையால் பிடித்துத் திரும்ப விட்டுவிடுங்கள். நம் மாட்டுங்கா சைவ நண்பர்களும் இனி தாராளமாக வரலாம்!

கடைசியாக ஒன்று. வருஷா வருஷம் ஒரே இடத்தில் ஈயக்குண்டு போட்டு, அளவை டயரியில் குறித்து வருகிறேன். ரயில்வேயில் பழகிய பழக்கம். முதலில் இடுப்பளவு இருந்த இடம் இன்று முழங்காலளவு. வண்டலும் ஆகாயத்தாமரையும் மேட்டுத்தரையை மூடி வருகின்றன. கரையோரம் மாநகராட்சி போடத் தொடங்கிய சைக்கிள் பாதையைச் சட்டவிரோதம் என்று 2022 மே மாதம் மும்பை உயர்நீதிமன்றம் தடுத்தது. போட்டதை அகற்றி இடத்தைப் பழையபடி ஆக்கவும் சொன்னது. நமக்குச் சும்மா கிடக்கும் சேறாகத் தெரிகிற அந்த ஓரம்தான் மீனுக்குப் பிரசவ அறை, முதலைக்குக் காவல் வீடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள். மீன் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. ஏரிக்குக் கரை எதற்கு என்று அவர்களுக்குப் புரிந்தால் போதும்.