கப்பலில் துணி துவைப்போமா?

பத்து நாள் கடற்பயணம் செல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியில் ஐந்து சட்டைகள்தாம் இருக்கின்றன. ஐந்தாம் நாள் மாலை கடைசிச் சட்டையும் அழுக்காகிவிட்டது. மேல்தளத்திற்குப் போய் நின்று பார்க்கிறீர்கள். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை நீர். ஒரு சட்டையைத் துவைக்க இங்கே என்ன குறை?

குறை இருக்கிறது, அதுவும் ஒன்றல்ல, இரண்டு. இந்த நீரில் சோப்பு நுரைக்காது. இந்த நீரில் நனைத்த துணி சரியாகக் காயாது. முதல் தொல்லையை வேதியியல் ஏறக்குறையத் தீர்த்துவிட்டது. இரண்டாவது தொல்லை வேறு வேறு வடிவில் இன்றும் தொடர்கிறது. கப்பலில் துவைப்பதைவிட உலர்த்துவதே கடினம். ஏன் என்று பார்ப்போம்.

சோப்பை விழுங்கும் கடல்

சோப்பின் மூலக்கூறுக்கு ஒரு தலையும் நீண்ட வாலும் உண்டு. தலை நீரை நாடும். வால் எண்ணெயை நாடும். துணியில் ஒட்டியுள்ள எண்ணெய்ப் பசையுள்ள அழுக்கை வால்கள் சூழ்ந்து பிடித்துக்கொள்கின்றன. தலைகள் நீரை நோக்கி நிற்கின்றன. துணியைக் கசக்கி அலசும்போது அழுக்கு சிறு உருண்டைகளாகப் பிரிந்து நீரோடு போய்விடுகிறது.

கால்சியம், மக்னீசியம் அயனிகள் நீரில் இருந்தால் இந்த வேலை கெட்டுவிடும். அவை சோப்பின் தலையைப் பற்றிக்கொண்டு நீரில் கரையாத வெண்ணிறப் பிசுக்காக மாற்றிவிடுகின்றன. சில ஊர்களின் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் சோப்பு தயிர்போலத் திரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் கடின நீர்.

அந்தக் கிணற்று நீரையும் மென்மையானது என்று சொல்ல வைக்கும் கடல் நீர். ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் கால்சியமும் 1,300 மில்லிகிராம் மக்னீசியமும் உள்ளன. இவை இரண்டும் சேர்ந்து 35 முதல் 40 கிராம் சோப்பை வீணாக்கிவிடும் என்பது எளிய கணக்கு. சிறிய சோப்புக் கட்டி ஒன்றில் ஏறக்குறைய பாதி! இது ஒரு லிட்டருக்கு மட்டும். வாளி நிறையக் கடல் நீர் எடுத்தால் எத்தனை கட்டிகள் வேண்டும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

இதோடு முடியவில்லை. ஒரு லிட்டர் கடல் நீரில் எல்லா உப்புகளும் சேர்ந்து சுமார் 35 கிராம் உள்ளன. அவற்றில் பெரும்பங்கு நம் சமையல் உப்புதான். உப்பு மிகுந்த நீரில் சோப்பு கரைந்து நிற்க முடியாது, பிரிந்து மிதக்கும். சோப்பு தயாரிப்பவர்கள் கொதிக்கும் கலவையிலிருந்து சோப்பைப் பிரித்தெடுக்க உப்பைச் சேர்ப்பது இதனால்தான். ஆலையில் பயன்படும் அதே பண்பு, கடலில் துவைப்பவருக்குத் தொல்லையாகிறது.

மாலுமிகள் கண்ட வழி

பாய்மரக் கப்பல்களில் நன்னீர் பீப்பாய்களில்தான் வந்தது. அது குடிக்கவும் சமைக்கவும் மட்டுமே. மழை பெய்தால் பாய்களில் வழியும் நீரைப் பிடித்துத் துணி அலசினார்கள். மழை இல்லாத நாள்களில் கடல் நீர்தான் கதி.

தேங்காய் எண்ணெயில் செய்த சோப்பு கடல் நீரிலும் ஓரளவு நுரைக்கும் என்பது பின்னர் தெரிந்தது. தேங்காய் எண்ணெயில் மிகுந்திருப்பது லாரிக் அமிலம். அதன் வால் 12 கார்பன் அணுக்களைக் கொண்டது. மாட்டுக் கொழுப்பில் மிகுந்துள்ள அமிலங்களின் வால்களில் 16 அல்லது 18 கார்பன் அணுக்கள் இருக்கின்றன. வால் குறுகினால் சோப்பு எளிதில் கரையும். உப்பு நீரிலும் தாக்குப்பிடிக்கும். ஆகவே தேங்காய் எண்ணெய்ச் சோப்பு, 'கடல் சோப்பு' என்ற பெயரில் கப்பல்களில் இடம்பெற்றது.

அடுத்து வந்தவை செயற்கைச் சலவைப் பொருள்கள். முதல் உலகப் போரின்போது ஜெர்மனியில் கொழுப்புக்குப் பஞ்சம் ஏற்பட்டது. கொழுப்பு இல்லாமலே அழுக்கு நீக்கும் பொருளைத் தேடும் முயற்சி அங்கே தொடங்கியது. 1946-இல் அமெரிக்காவில் 'டைடு' சலவைத் தூள் விற்பனைக்கு வந்தது. இவற்றின் தலைப்பகுதி கால்சியத்தோடு சேர்ந்தாலும் சோப்பைப்போல எளிதில் திரிவதில்லை. அதனால்தான் சோப்பு தோற்கும் கடின நீரிலும் சலவைத் தூள் வேலை செய்கிறது.

ஆக, கடல் நீரிலேயே அழுக்கை நீக்கிவிடலாம் என்றாகிவிட்டது. ஆனால் துணி காயவேண்டுமே!

உப்பு போனால்தான் ஈரம் போகும்

மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடியைக் கவனித்திருக்கிறீர்களா? உப்பு கசிந்து ஈரமாகிக் கிடக்கும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலுள்ள நீராவியை ஈர்த்துக் கரையத் தொடங்குகிறது. மக்னீசியம் குளோரைடு இன்னும் மோசம்; ஒப்பு ஈரப்பதம் 33 விழுக்காடு இருந்தாலே அது கசியும். கடல் நீரில் இவ்விரண்டும் உள்ளன.

கடல் நீரில் அலசிய சட்டையில் நீர் ஆவியாகும். உப்பு நூலிழைகளிலேயே தங்கிவிடும். பகல் வெயிலில் சட்டை காய்ந்து விறைப்பாக இருக்கும். மாலையில் காற்றின் ஈரப்பதம் ஏறியதும், யாரும் தண்ணீர் தெளிக்காமலே அது மறுபடி ஈரமாகிவிடும். அந்தச் சட்டையை நாள் முழுதும் அணிந்தால் உப்பும் ஈரமும் உராய்ந்து தோல் புண்ணாகும். இது பழைய மாலுமிகள் அனுபவித்த துன்பம்.

ஆகவே, எதைக்கொண்டு துவைத்தாலும் கடைசி அலசல் நன்னீரில்தான் இருக்கவேண்டும். நடுக்கடலில் நன்னீர் எங்கிருந்து வரும்?

கடலிலிருந்து நன்னீர்

இன்றைய பெரிய உல்லாசக் கப்பல்கள் மிதக்கும் நகரங்கள். 2024-இல் ஓடத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலில் பயணிகள் மட்டும் 7,600 பேர்வரை செல்லலாம். இத்தனை பேருக்கான நீரைத் துறைமுகத்தில் ஏற்றிக்கொள்வதோடு நில்லாமல், பயணத்தின்போது கடலிலிருந்தும் தயாரிக்கிறார்கள்.

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, காய்ச்சி வடித்தல். கப்பல் இயந்திரத்தைக் குளிர்வித்து வெளிவரும் நீர் சுமார் 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும். அழுத்தத்தைக் குறைத்தால் நீர் 40, 50 டிகிரியிலேயே கொதிக்கும். ஆகவே காற்றை வெளியேற்றிய கலத்தில் கடல் நீரை விட்டு, வீணாகப் போகும் இந்தச் சூட்டைக்கொண்டே கொதிக்கவைத்து, ஆவியைக் குளிர்வித்து நன்னீராக்குகிறார்கள்.

மற்றொன்று, எதிர்ச் சவ்வூடு பரவல். நீரை விட்டு, உப்பைத் தடுக்கும் மெல்லிய சவ்வின் வழியே கடல் நீரை உயர் அழுத்தத்தில் தள்ளுவார்கள். இந்த அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 55 முதல் 70 மடங்கு. நடைமுறைக்கு உகந்த இத்தகைய சவ்வை 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிபோர்னியாவில் உருவாக்கியவர்கள் இருவர்: சிட்னி லோப், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன். இம்முறையில் இன்று 1,000 லிட்டர் நன்னீர் பெற 3 முதல் 4 யூனிட் மின்சாரம் போதுமானது.

வியப்பூட்டும் ஒரு கணக்கு

இப்போது துணியை மின்சார உலர்த்தும் இயந்திரத்தில் போடுகிறோம். துணியிலுள்ள ஒரு லிட்டர் நீர் ஆவியாக சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் 3,600 கிலோஜூல். ஆக, ஒரு லிட்டருக்கு மூன்றில் இரண்டு பங்கு யூனிட் தேவை.

அதே மின்சாரத்தைச் சவ்வு முறைக்குக் கொடுத்தால் எவ்வளவு நன்னீர் கிடைக்கும்? ஏறத்தாழ 200 லிட்டர்! ஒரு லிட்டர் ஈரத்தை வெப்பத்தால் விரட்டும் செலவில், 200 லிட்டர் நன்னீரை உப்பிலிருந்து பிரித்துவிடலாம். கப்பலில் விலை மிகுந்தது துவைக்கும் நீர் அன்று. துணியில் தங்கிவிட்ட நீரே.

பஞ்சுத் தூசியும் தீயும்

உலர்த்துவதில் செலவைவிடக் கவலை தருவது ஒன்று உண்டு. துணி சுழலும்போது உதிரும் பஞ்சுத் தூசி, காற்றோடு போய் வடிகட்டியிலும் குழாய்களிலும் படிகிறது. ஒரு கட்டையைவிடச் சிராய்த்தூள் விரைவில் பற்றுவதைப்போல, துணியைவிட இந்தத் தூசி விரைவில் பற்றும். எல்லாப் பக்கமும் காற்று பட்டுக்கொண்டிருப்பதே காரணம்.

1996 ஜூலை 27 அன்று அலாஸ்காவின் லின் கால்வாயில் சென்ற 'யுனிவர்ஸ் எக்ஸ்ப்ளோரர்' கப்பலின் சலவைக்கூடத்தில் தீப்பிடித்தது. புகையில் மூச்சுத்திணறி ஊழியர்கள் 5 பேர் இறந்தனர். 1998 ஜூலை 20 அன்று மயாமியிலிருந்து புறப்பட்ட 'எக்ஸ்டசி' கப்பலின் சலவைக்கூடத்தில், பற்றவைப்பு வேலை நடந்தபோது பஞ்சுத் தூசியில் தீ பிடித்தது. காற்றுக் குழாயில் படிந்திருந்த தூசியே தீயைக் கடத்திச் சென்று, பின்தளத்தில் இருந்த நங்கூரமிடும் துறைக் கயிறுகளை எரித்தது. நல்வேளையாக உயிரிழப்பு இல்லை.

பல உல்லாசக் கப்பல்களில் அறைக்குள் இஸ்திரிப்பெட்டி வைத்துக்கொள்ளத் தடை இருப்பது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா? ஊரில் தீப்பிடித்தால் தெருவுக்கு ஓடலாம். நடுக்கடலில் தெரு இல்லை.

சில கப்பல்களில் பயணிகளே பயன்படுத்தும் சலவை அறைகள் உண்டு. அங்கே உலர்த்தும் இயந்திரத்தை நாடினால், போடுமுன் தூசி வடிகட்டியைத் திறந்து சுத்தம் செய்யுங்கள். முடிந்தபின் மறுபடி சுத்தம் செய்யுங்கள். எண்ணெய் தோய்ந்த துண்டை அதில் போடாதீர்கள். எண்ணெய் ஆக்சிஜனோடு சேரும்போது வெப்பம் உண்டாகும். உலர்ந்த சூட்டோடு துணிகள் குவியலாகக் கிடந்தால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றித் தானே தீப்பற்றக்கூடும்.

அறையில் துவைக்கும் முறை

ஒரு சட்டைக்கு இயந்திரம் தேவையில்லை. கைகழுவும் தொட்டியே போதும்.

அளவு குறைந்த சலவைத் தூளில் ஊறவைத்துக் கசக்குங்கள். மிகுதியாகப் போட்டால் அலசுவதற்கே நீர் செலவாகும். அலசுவதிலும் ஒரு கணக்கு உண்டு. பிழிந்த சட்டையில் 200 மில்லிலிட்டர் சோப்பு நீர் தங்கியிருக்கிறது என்போம். 4 லிட்டர் நீரில் ஒரே தடவை அலசிப் பிழிந்தால் 21-இல் ஒரு பங்கு சோப்பு எஞ்சும். அதே 4 லிட்டரை இரண்டாகப் பிரித்து இரண்டு தடவை அலசினால் எஞ்சுவது 121-இல் ஒரு பங்கு. நான்கு தடவை ஒவ்வொரு லிட்டராக அலசினால் 1,296-இல் ஒரு பங்குதான்! நீர் அதே நீர்தான். பிரித்துப் பயன்படுத்தியதில்தான் இவ்வளவு வேறுபாடு.

அடுத்தது பிழிதல். ஈரத்தை ஆவியாக்குவதைவிடப் பிழிந்து வெளியேற்றுவதற்கு ஆற்றல் மிகமிகக் குறைவு. உலர்ந்த துண்டு ஒன்றை விரித்து, அதன்மேல் சட்டையைப் பரப்பிப் பாய்போல் சுருட்டி முறுக்குங்கள். சட்டையின் ஈரம் துண்டுக்கு மாறிவிடும்.

பிறகு குளிர்சாதனக் காற்று படும் இடத்தில் தொங்கவிடுங்கள். குளிர்சாதனக் கருவி காற்றிலுள்ள நீராவியைக் குளிர்வித்து நீராக வெளியேற்றுகிறது. அதனால் அறைக்காற்று வெளிக்காற்றைவிட வறட்சியாக இருக்கும். பால்கனியில் உலர்த்தினால் என்ன என்று தோன்றும். பல கப்பல்களில் அதற்குத் தடை. மேலும், அலைத் திவலைகள் கொண்டுவரும் உப்பு, நீங்கள் அலசியதை வீணாக்கிவிடும். விளக்கின்மேலும், கூரையிலுள்ள தீயணைப்புத் தெளிப்பான்மேலும் துணியை மாட்டவே கூடாது. தெளிப்பானிலுள்ள சிறு கண்ணாடிக் குமிழ் உடைந்தால் அறை முழுதும் மழைதான்.

பயணத்துக்குத் துணி எடுக்கும்போதே யோசிப்பது நல்லது. சாதாரணக் காற்றிலிருந்து 100 கிராம் பருத்தி சுமார் 8 கிராம் ஈரத்தை ஏற்கிறது. பாலியெஸ்டர் அரை கிராமைக்கூட ஏற்பதில்லை. இரண்டும் கலந்த துணி விரைவில் காயும்.

வீட்டில் ஒரு சோதனை

இதையெல்லாம் நம்புவதற்குக் கப்பல் ஏறவேண்டியதில்லை. ஒரு லிட்டர் நீரில் 35 கிராம் கல் உப்பைக் கரையுங்கள். இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் ஒன்றில் உப்பு நீரும், மற்றதில் மழை நீரும் பாதியளவு எடுத்து, இரண்டிலும் ஒரே அளவு சோப்புத் துருவலைப் போட்டுக் குலுக்குங்கள். எதில் நுரை வருகிறது? பிறகு சோப்புக்குப் பதில் சலவைத் தூளைப் போட்டுப் பாருங்கள்.

மீதி உப்பு நீரில் ஒரு கைக்குட்டையையும், நல்ல நீரில் அதேபோன்ற மற்றொன்றையும் நனைத்து வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். மழை பெய்யும் ஒரு மாலையில் இரண்டையும் கொடியில் அருகருகே தொங்கவிட்டு, இரவு படுக்கப்போகுமுன் தொட்டுப் பாருங்கள். கடலில் துணி காயாமல் வருந்திய மாலுமியின் தொல்லை உங்கள் விரல்களுக்கே தெரியும்.