பிழையைச் சொல்லவும் ஒரு முறை உண்டு

வங்கிக் கிளையிலோ மருத்துவமனையிலோ இணைய இணைப்பு திடீரென அறுந்தால், பழுது நீக்க வருபவர் முதலில் தேடுவது கணினியின் பிழைப் பதிவுகளைத்தான். அவற்றில் முக்கியமானவற்றை எழுதுவது, நெட்வொர்க் கார்டுக்கும் இயங்குதளத்துக்கும் இடையே நின்று பணிபுரியும் ‘டிரைவர்’ என்னும் மென்பொருள். பழுது பத்து நிமிடங்களில் தீருமா, ஒரு நாளை விழுங்குமா என்பது பெரும்பாலும் அது சொல்லும் விதத்தைப் பொறுத்தது.

சர்வர்களில் பரவலாகப் பயன்படும் லினக்ஸ், செய்திகளை 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாகப் பிரிக்கிறது. 0 என்றால் கணினியே செயலிழந்த நிலை, 3 பிழை, 4 எச்சரிக்கை, 6 வெறும் தகவல். கேபிள் கழன்றால் அது டிரைவரின் பிழையன்று. தகவல் நிலையே போதும். எல்லாவற்றையும் பிழை என்றே முழங்கினால், ‘புலி வருது’ கதைதான் நடக்கும். உண்மையான பிழையை எவரும் பொருட்படுத்தமாட்டார்கள்.

அடுத்தது, அடையாளம். ஒரே சர்வரில் ஒரே வகைக் கார்டுகள் நான்கு இருக்கலாம். ‘தோல்வி’ என்று மட்டும் பதிந்தால் எதைக் கழற்றுவது? இதற்கெனவே உள்ள ‘நெட்டெவ்_எரர்’ என்னும் கட்டளை, டிரைவர், கார்டு, இணைப்பு ஆகியவற்றின் அடையாளங்களைத் தானே சேர்த்துவிடும். ஆனால், இணைப்பு பதிவு செய்யப்படும் முன்பு அதற்குப் பெயரே இராது. அக்கட்டத்தில் ‘டெவ்_எரர்’ என்பதே பொருத்தம். பிழை எண்ணும் உடன்வர வேண்டும். 12 என்றால் நினைவகம் கிடைக்கவில்லை. 110 என்றால் பொதுவாகக் காலக்கெடு கடந்துவிட்டது. இரண்டுக்கும் மருந்து வேறு.

மூன்றாவது, அளவு. விநாடிக்கு 10 கிகாபிட் வேகமுள்ள இணைப்பில், மிகச் சிறிய தரவுப் பொட்டலங்கள் விநாடிக்கு 1.48 கோடி வரை வரக்கூடும். பழுதான ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதினால், முதலில் பதிவான உண்மைக் காரணம் அந்த வெள்ளத்தில் அழிந்துபோகும். அதனால்தான் ஐந்து விநாடிகளுக்குப் பத்துச் செய்திகள் என்ற இயல்பு வரம்பை லினக்ஸ் வைத்திருக்கிறது. பழுதான பொட்டலங்களை எண்ணிக்கையாகக் கணக்கில் வைத்தாலே போதும்.

பிழைப் பதிவு, நிரலை எழுதியவருக்கான நினைவுக் குறிப்பு அன்று. அந்த நிரலை ஒருபோதும் பார்த்திராத ஒருவருக்கான தகவல். எனவே, கார்டு இயங்குகிறதா என்று சோதிப்பதோடு நில்லாமல், அது தோற்கும்போது என்ன சொல்கிறது என்பதையும் சோதித்த பிறகே டிரைவரை ஏற்க வேண்டும் என்பேன்.