நேரோட்ட வழங்கியும் சைக்கிள் டைனமோவும்

உரும்பிராய் உள்ளிட்ட யாழ்ப்பாணக் குடாநாடு 1990இல் மின்வழங்கலை இழந்தது. பொருளாதாரத் தடையால் உலர்மின்கலங்களும் அரிதாயின. மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர்.

டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலி வேண்டுவது நேரோட்டம். நான்கு இருவாயிகளாலான பாலம் ஓட்டத்தை ஒருதிசைப்படுத்தும். கொள்ளளவி அதன் ஏற்றவிறக்கத்தைத் தணிக்கும். எனினும் சுழற்சி விரையுந்தோறும் வோல்ற்றளவு உயரும். 3 வோல்ற்று வானொலி அதனால் பழுதடையக்கூடும். அந்நாட்களில் வானொலி பழுதாயின், அவ்வீடு வானொலிச் செய்தியை இழந்தது.

ஆய்வுமேசை வழங்கியோ வோல்ற்றளவை நிலைநிறுத்துவதோடு ஓட்டத்துக்கும் எல்லை வகுக்கிறது. அதனைப் புவித்தொடுப்புடன் கூடிய 230 வோல்ற்று மின்வழங்கலிலேயே இணைத்தல் வேண்டும். கருவியைத் தொடுக்குமுன் வோல்ற்றளவைச் சரிசெய்க. பின்னர், வழங்கியின் கைந்நூல் அனுமதிப்பின், வெளியீட்டு முனைகளைக் குறுக்கிணைத்து ஓட்ட எல்லையைத் தாழ்வாக அமைக்க. வெளியீட்டை நிறுத்திக் குறுக்கிணைப்பை அகற்றியபின், சிவப்புக் கம்பியை நேர்முனையிலும் கறுப்புக் கம்பியை மறைமுனையிலும் தொடுத்து மீள இயக்குக. ஓட்டம் தொடர்ந்து எல்லையிலேயே நின்றால், எல்லையை உடனே உயர்த்தலாகாது. முனைமாற்றமோ குறுஞ்சுற்றோ உளதா என முதலில் ஆராய்தல் வேண்டும். கருவியைக் காப்பது அவ்வெல்லையே.