சிங்கக் கொடிக்கு ஒரு சிங்கக்குட்டி

திருச்சி கொட்டப்பட்டிலோ இராமநாதபுரம் மண்டபத்திலோ உள்ள முகாமுக்குச் சென்று, கடல் கடந்து வந்த ஈழத்துத் தாயொருத்தியிடம் இரண்டே சொற்களைச் சொல்லிப் பாருங்கள், தோழர்களே! ஒன்று 'டோரா.' மற்றொன்று 'கிபிர்.' முதற் சொல்லைக் கேட்டதும் அவள் கண்கள் கடலை நோக்கும். இரண்டாவது சொல்லைக் கேட்டதும் வானத்தை நோக்கும். அகராதியைப் புரட்டினால் அகப்படாத சொற்கள். ஆனால் வன்னிக் காட்டிலே வளர்ந்த குழந்தை, 'அம்மா' என்றதற்கு அடுத்தபடி கற்றுக்கொண்ட சொற்கள். டோரா கடலில் வரும் பீரங்கிப் படகு. கிபிர் வானில் வரும் குண்டு விமானம்.

எந்த மொழிச் சொற்கள் இவை? சிங்களமா? அல்ல. ஆங்கிலமா? அதுவும் அல்ல. எபிரேயம்! யூதர்களின் மொழி! டோரா என்றால் தேனீ. கிபிர் என்றால் சிங்கக்குட்டி. வாளேந்திய சிங்கத்தைக் கொடியிலே வைத்திருக்கும் கொழும்புக்கு, இஸ்ரேல் என்னும் நாடு சிங்கக்குட்டியையே செய்து விற்றது. பெயர்ப் பொருத்தம் பார்த்துத்தான் வாங்கினார்களோ என்னவோ! பிணப் பொருத்தம் சரியாகவே அமைந்தது.

யூத நாட்டின் கதையைச் சொல்ல வந்த நாம், கடலுக்கு அக்கரையில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. அந்தக் கதை எங்கோ பாலைவனத்தில் நடந்து முடிந்த கதை என்றுதான் காவிரிக்கரையில் பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். இல்லை. கோடிக்கரைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே சுமார் 35 மைல் கடல். அந்தக் கடலுக்குள்ளே வந்த கதை அது. அதுமட்டுமா? ஒரத்தநாட்டு வயல் வரப்பு வரை வந்த கதை!

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். மேடைகளிலே யூதரைப் புகழ்ந்தவர்கள் நம்மிலே உண்டு, நாமும் புகழ்ந்ததுண்டு. வழக்கொழிந்து வழிபாட்டுக்கு மட்டுமே என்றிருந்த மொழியைத் தெருவிலே பேசும் மொழியாக்கிக் காட்டினார்களே! நாடின்றி நாடோடியாய்த் திரிந்தவர்கள், இட்லரின் கொலைக் கூடங்களிலே 60 இலட்சம் பேரைப் பறிகொடுத்தவர்கள், 1948 மே 14இல் தமக்கென ஓர் அரசை அறிவித்தார்களே! சொந்த மொழிக்காகப் போராடிய மக்களுக்கு அது கிளர்ச்சியூட்டிய காட்சிதான். அதே ஆண்டில், அதே மண்ணில், ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீன அரபு மக்கள் வீடு துறந்து, சாவியை மட்டும் இடுப்பில் முடிந்துகொண்டு அகதிகளாயினர் என்ற பகுதியை மேடையிலே நாம் படிக்காமல் விட்டோம். புகழ்ந்தது குற்றமல்ல, பாதிக் கதையோடு நிறுத்தியதுதான் குற்றம்.

இந்திய அரசு அந்த மறுபாதியைக் கண்டது. 1947 நவம்பர் 29இல் பாலஸ்தீனத்தைப் பிரிக்கும் தீர்மானம் ஐ.நா. மன்றத்தில் வந்தபோது எதிர்த்து வாக்களித்தது. 1950இல் இஸ்ரேலை ஏற்றது. ஆயினும் முழுத் தூதரக உறவு வைக்க 1992 வரை மறுத்தது. (பாலஸ்தீனத்தில் இந்தியன் கால் பட்டது அதற்கும் முன்பே! 1918 செப்டம்பரில் துருக்கியரிடமிருந்து ஹைஃபா நகரைப் பிடித்த குதிரைப் படையிலே மைசூர் வீரரும் இருந்தனர். காவிரித் தண்ணீர் குடித்தவர்கள்தாம். பிரிட்டிஷார் அங்கே அரசோச்ச வழி செய்த போர்களில் அதுவும் ஒன்று.)

இனி, சிங்கக்குட்டி பிறந்த வரலாற்றைக் கேளுங்கள். 1967 ஜூனில் ஆறே நாள் போர். எகிப்தின் விமானங்களை இஸ்ரேல் தரையிலேயே நொறுக்கியது. சினாய், காசா, மேற்குக் கரை, கோலான் மேடு, கிழக்கு ஜெருசலேம் எல்லாம் அதன் கைக்கு வந்தன. வென்று கொடுத்தவை பிரெஞ்சு நாட்டு மிராஜ் விமானங்கள். ஆனால், அந்தப் போரையொட்டி பிரெஞ்சு அதிபர் டிகால் கதவை அடைத்தார். பணம் கட்டி வாங்கிய 50 மிராஜ் விமானங்கள் பிரான்சிலேயே நின்றுவிட்டன. கடைக்காரன் கதவை மூடினால் நாமே கடை வைப்போம் என்று கிளம்பியது இஸ்ரேல். ஸ்விட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஒருவர் மிராஜ் எஞ்சினின் வரைபடங்களைக் கொடுத்துவிட்டு 1969இல் சிறைப்பட்டார். பிரெஞ்சு உடலுக்குள்ளே அமெரிக்க எஞ்சினைப் பொருத்தி, 1975இல் வெளியே கொண்டு வந்த விமானம்தான் கிபிர்.

அமெரிக்க எஞ்சின் என்பதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த எஞ்சின் இருப்பதால், வாஷிங்டன் தலையசைக்காமல் இந்த விமானத்தை எவருக்கும் விற்க முடியாது. 1977இல் எக்வடார் நாட்டுக்கு விற்க முயன்றபோது கார்ட்டர் தடுத்தார், விற்பனை நின்றது. கொழும்புக்கு விற்றபோது எவரும் தடுக்கவில்லை.

தேனீயின் கதையும் ஏறத்தாழ அதே காலத்தது. 1967 அக்டோபரில் எகிப்தின் சிறு படகுகள் ஏவிய ஏவுகணையால் ஐலாத் என்னும் இஸ்ரேலியப் போர்க்கப்பல் மூழ்கியது. பெரிய கப்பல் பெரிய இலக்கு என்ற பாடம் ஆழப் பதிந்தது. வேகமாகப் பாயும் சிறு படகுகளின் பக்கம் திரும்பினார்கள். முதலில் டாபூர், அதாவது குளவி. அதற்குப் பின் டோரா, தேனீ.

சின்னஞ்சிறு நாடு. சொந்தப் படைக்கு மட்டும் செய்தால் ஆயுதத் தொழிற்சாலைக்குக் கட்டுபடியாகுமா? பட்டறை வைத்தவன் அரிவாளை விற்றாக வேண்டும். வாங்குகிறவன் கதிர் அறுக்கிறானா கழுத்தை அறுக்கிறானா என்று பட்டறைக்காரன் கேட்பதில்லை. உலகெங்கும் வாடிக்கை தேடினார்கள். நமது பக்கத்துத் தீவிலே ஒரு வாடிக்கையாளர் காத்திருந்தார்.

1970இல் இஸ்ரேலோடு தூதரக உறவை முறித்தவர் சிறிமாவோ பண்டாரநாயக்கா. 1983 ஜூலையிலே கொழும்பு வீதிகளில் தமிழர் கடைகளும் உடல்களும் எரிந்தன. அதற்குப் பின் ஜெயவர்த்தனா ஆயுதத்துக்கும் பயிற்சிக்கும் மேலை நாடுகளை நாடினார். நேரடியாகக் கைகொடுக்கப் பெரிய நாடுகள் தயங்கின. இஸ்ரேல் தயங்கவில்லை. 1984இல் கொழும்பில், அமெரிக்கத் தூதரகக் கூரையின் கீழேயே, 'இஸ்ரேலிய நலன் பிரிவு' என்ற பெயரில் ஓர் அறை திறந்தது. தூதரகம் என்று பெயர் வைக்கவில்லை, பெயரா முக்கியம்? உளவுத் துறையில் பழுத்தவர்கள் வந்தார்கள், பயிற்சி தந்தார்கள். டோராப் படகுகளும் வந்தன. தீவின் முஸ்லிம் மக்கள் எதிர்த்தனர். கேட்பாரில்லை.

அதே 1984! இக்கரைக்கு வாருங்கள், நமது தஞ்சைக்கு! ஒரத்தநாட்டுப் பக்கம், கல்லணைக் கால்வாய் பாயும் ஊர்களின் ஓரம், தமிழீழ மக்கள் விடுதலைக் கழகத்தின் முகாம்கள். புளொட் என்று அழைப்பார்கள். தலைவர் உமா மகேஸ்வரன், நில அளவையாளராய் இருந்தவர். அவர் ஆயுதப் பயிற்சி பெற்றது எங்கே தெரியுமா? லெபனானில், பாலஸ்தீன விடுதலை இயக்கத்தாரிடம்! 1975இல் லண்டனில் தோன்றிய ஈரோஸ் அமைப்பு ஏற்படுத்திய தொடர்பின் வழியே, ஈழத்து இளைஞர் சிலர் எழுபதுகளிலேயே அங்கு சென்று திரும்பியிருந்தனர்.

என்ன விந்தை பாருங்கள்! யூதனிடம் நிலம் இழந்த பாலஸ்தீனன் கற்றுக்கொடுத்த பாடம் ஒரத்தநாட்டுத் தென்னந்தோப்பிலே. பாலஸ்தீனனை அடக்கிய யூத நாட்டான் கற்றுக்கொடுத்த பாடம் கொழும்புப் பாசறையிலே. எவனோ மூட்டிய தீயின் இரண்டு கொள்ளிகள், பாக்கு நீரிணையின் இரு கரையிலும்! நடவு நட்டுக்கொண்டிருந்த நம் தாய்மார், வேலிக்கு அப்பால் பயிற்சி எடுக்கும் பிள்ளைகளைப் பார்த்துப் பரிவோடு கஞ்சி ஊற்றியிருப்பார்கள். பெய்ரூட் எந்தத் திசையில் இருக்கிறது என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? அந்த முகாம்களிலே உட்பகை மூண்டு, தம்மவரையே தம்மவர் வதைத்துக் கொன்ற கொடுமையும் நடந்தது. அவ்வியக்கத்தை விட்டு வெளியேறியவர்களே அதை எழுதி வைத்திருக்கிறார்கள். நம் மண்ணில் நடந்தது. நாம் பேசாதிருப்பது நியாயமல்ல. உமா மகேஸ்வரன் 1989இல் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மணலாறு என்று முல்லைத்தீவுக்குத் தெற்கே ஒரு பகுதி. அங்கே டாலர் பண்ணை, கென்ட் பண்ணை என்ற இடங்களிலே, 1977 கலவரத்தில் விரட்டப்பட்ட மலையகத் தமிழர்கள் குடிசை போட்டிருந்தனர். மலையகத் தமிழர் யார்? வெள்ளையன் காலத்திலே தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை, சேலம் சீமைகளிலிருந்து கூலிக்குப் போனவர்களின் வழிவந்தவர்கள். 1984இல் அவர்கள் வெளியேற்றப்பட்டனர். சிங்களச் சிறைக் கைதிகள் குடும்பத்தோடு குடியமர்த்தப்பட்டனர். குடியேற்றத்தையே காவல் அரணாக்கும் இந்த முறை இஸ்ரேலியரிடம் கற்றது என்று அந்நாளிலேயே பேசப்பட்டது. பலன்? 1984 நவம்பர் 30இல் புலிகள் அந்தப் பண்ணைகளுக்குள் புகுந்தனர். பெண்களும் பிள்ளைகளும் உட்படக் கொல்லப்பட்டனர். அரணாக நிறுத்தப்பட்ட ஏழைகளின் உடலிலேதான் அடி விழுந்தது. நிறுத்தியவர்களின் மீது அல்ல. அதைத் தொடர்ந்து சுற்றுவட்டத் தமிழ்க் கிராமங்களின் மீது பழிவாங்கல். இருபுறமும் செத்தது கஞ்சிக்கு இல்லாதவன்.

1987 ஜூலை 29இல் ராஜீவும் ஜெயவர்த்தனாவும் கையெழுத்திட்டார்களே ஓர் ஒப்பந்தம், அதனோடு பரிமாறிக்கொண்ட கடிதங்களிலே, இலங்கையில் உள்ள வெளிநாட்டு இராணுவ, உளவு ஆட்கள் பற்றி ஒரு பகுதி வருகிறது. பெயர் குறிப்பிடவில்லை, குறிப்பிடத் தேவையும் இல்லை. 1990இல் பிரேமதாசா அந்த 'நலன் பிரிவை' மூடினார். அதே ஆண்டு மொசாத்திலிருந்து வெளியேறிய ஆஸ்ட்ரோவ்ஸ்கி என்பவர் ஒரு நூல் எழுதி, இஸ்ரேல் சிங்களப் படைக்கும் புலிகளுக்கும் ஒரே காலத்தில் பயிற்சி தந்தது என்றார். புலிகள் மறுத்தனர். ஓடிவந்த உளவாளியின் சொல்லை நாம் வேதவாக்காய்க் கொள்வதில்லை. சொன்னார் என்பதோடு விட்டுவிடுகிறோம்.

அலுவலகம் மூடினால் வாணிபம் மூடுமா? தூதரக உறவே இல்லாத 1996இல்தான் கிபிர் விமானங்கள் கட்டுநாயக்காவில் வந்து இறங்கின. 2000 ஏப்ரலில் ஆனையிறவு புலிகள் வசமாயிற்று. அடுத்த மாதமே சந்திரிகா அரசு இஸ்ரேலோடு உறவைப் புதுப்பித்தது. மேலும் கிபிர்கள் வந்தன. 2001 ஜூலையில் கட்டுநாயக்காவைப் புலிகள் தாக்கியபோது சில எரிந்தன. மீதி பறந்தன.

2006 ஆகஸ்ட் 14. நாம் பள்ளிக்கூடத்தில் இருந்த ஆண்டு அது. மறுநாள் கொடியேற்றத்துக்கு மிட்டாய் வரும் என்று காத்திருந்த நாள். அன்று காலை முல்லைத்தீவு வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தின் மீது கிபிர்கள் குண்டு வீசின. பல பள்ளிகளிலிருந்து வந்து தங்கியிருந்த மாணவியர் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். புலிகளின் பயிற்சி முகாம் என்றது கொழும்பு. பள்ளி மாணவியர்தாம், முதலுதவிப் பயிற்சிக்கு வந்தவர்கள் என்றது ஐ.நா.வின் குழந்தைகள் நிறுவனம். மறுநாள் நமக்கு மிட்டாய் வந்தது. அதை எப்படி விழுங்கினோம் என்று இன்றும் கேட்டுக்கொள்கிறோம்.

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. இறுதிக் கட்டத்திலே 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கக் கூடும் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011இல் கூறிற்று.

"எல்லாப் பழியும் யூதன் தலையிலா?" என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். இல்லை. யூத மக்கள் வேறு, அந்த அரசு வேறு. இனத்தின் மேல் பகை வளர்ப்பது நமது வழியல்ல. ஆயுதம் கொடுத்தவர் பட்டியலும் நீளம். சீனா கொடுத்தது. பாகிஸ்தான் கொடுத்தது. உக்ரைனிலிருந்து மிக் வந்தது. ஏன், நமது டில்லியே ராடார் கொடுத்தது, கப்பல் கொடுத்தது! 1992இல் இஸ்ரேலுக்குத் தூதரகக் கதவைத் திறந்த டில்லி, அதற்குப் பின் அதன் பெரிய ஆயுத வாடிக்கையாளர்களில் ஒருவராகவும் ஆனது. ஆயினும் மற்றவர்களைக் கேட்காத ஒரு கேள்வியை அந்த நாட்டைப் பார்த்துக் கேட்க நமக்கு உரிமை உண்டு. வதைபட்ட மக்களின் அடைக்கலம் என்று சொல்லித்தானே அந்த அரசு பிறந்தது? பதுங்குகுழிக்குள்ளே பிள்ளையை அணைத்துக் கிடந்தவளின் நடுக்கம், அந்நாட்டுப் பாட்டிமார்கள் ஐரோப்பாவிலே அறிந்த நடுக்கம் அல்லவா?

சோழன் கலம் செலுத்திய கடல் என்று நாம் மேடையிலே முழங்குகிறோம். அந்தக் கடலிலே நாகை, வேதாரணியம் மீனவன் வலை இழுக்கும்போது, எதிரே இரைந்து வரும் படகின் ஓசை எந்த நாட்டு எஞ்சின் என்று பார்ப்பதில்லை. வலையை அறுத்துவிட்டு விசைப்படகைத் திருப்புகிறான்.

2021இல் இலங்கை அரசு இஸ்ரேல் நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. பழைய கிபிர்களைப் பழுது பார்த்துப் புதுப்பிக்க 5 கோடி டாலர். போர் முடிந்து 12 ஆண்டுகள். எவர் மேல் பறப்பதற்கோ! அடுத்த ஆண்டு, 2022இல், அந்தத் தீவிலே டாலர் தீர்ந்தது. மண்ணெண்ணெய் இல்லை, பால்மாவு இல்லை, மருந்து இல்லை. தமிழர்கள் கைக்குழந்தைகளோடு படகேறித் தனுஷ்கோடி மணலில் இறங்கினர். தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது. 40,000 டன் அரிசி, 500 டன் பால்மாவு, மருந்து வகைகள் என்று அறிவித்து, மே மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதற் கப்பல் கொழும்புக்குப் புறப்பட்டது. தமிழருக்கு மட்டும் அல்ல, பசித்த சிங்களருக்கும் சேர்த்துத்தான். அந்த மூட்டைகளிலே எத்தனை நம் களத்து நெல்லோ, நம் தோழர்கள் தோளில் சுமந்ததோ, யார் கண்டார்!