விளக்குகளின் சரித்திரம் – 6: லயத்தில் எரிந்தவை

குத்துவிளக்கு, தூக்குவிளக்கு முதலிய வெண்கல வகைகளைச் சென்ற வாரத்தோடு முடித்துக்கொண்டோம். இனிக் கோயிலையும் பூஜையறையையும் விட்டு வெளியே வந்து, கோல சிலாங்கூரிலிருந்து வடக்கே தஞ்சோங் காராங், சுங்கை பஞ்சாங், சபாக் பெர்ணம் வரையிலும், உள்ளே பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்திலும் இருந்த தோட்டங்களில் நம் முன்னோர் தங்கள் இரவுகளை எந்த வெளிச்சத்தில் கழித்தார்கள் என்பதைப் பார்ப்போம்.

தோட்டத்துக்காரனுக்கு விளக்கு என்பது மாலையில் ஏற்றி இரவில் அணைக்கிற வீட்டுச் சாமான் மாத்திரமன்று. சூரியன் ஏறுவதற்கு முன்னால் ரப்பர் மரத்தின் பட்டைக்குள் பாலின் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற அது தணிந்துவிடும். ஆகவே விடியுமுன் எழுந்து, சோறாக்கி, பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டு, பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, உளியும் வாளியுமாக நிரைக்குப் போவதே அங்கே நாளின் தொடக்கமாக இருந்தது. மலாயாவில் மத்திய மின்சார வாரியம் 1949-இல் தோன்றி, 1965-இல் தேசிய மின்சார வாரியம் என்று பெயர் மாறிய பிறகும், சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்த எத்தனையோ லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கே துணை. தோட்டத்து எஞ்சின் மின்சாரம் கொடுத்த இடங்களிலும் அந்த வெளிச்சம் இரவில் சில மணி நேரத்துக்குத்தான்.

முதலில் லாந்தரை எடுத்துக்கொள்வோம். காற்றுக்கும் மழைக்கும் அணையாத இந்தக் கைவிளக்கில் இரண்டு ஜாதிகள் உண்டு. இரண்டும் ஜான் இர்வின் என்ற அமெரிக்கரின் யோசனைகள். முதலாவது 1860-களின் இறுதியிலும், இரண்டாவது சில ஆண்டுகள் கழித்தும் பிறந்தவை. பக்கக் குழாய்கள் இரண்டும் கண்ணாடிக்கு நேர் மேலே போய்க் கூடி, சுடர் கக்கிய வெப்பக் காற்றையே பெரும்பகுதியும் திரும்பக் கீழே கொண்டுவருமானால் அது பழைய ஜாதி; அதன் ஜ்வாலை சற்று மங்கலாக, மஞ்சளாக இருக்கும். புகைபோக்கி நடுவில் தனியே உயர்ந்து நிற்க, அதைச் சுற்றிய அறையின் வழியாகக் குழாய்கள் வெளிக்காற்றைப் புதிதாக இழுக்குமானால் அது பிந்திய ஜாதி. அதன் பிரகாசம் அதிகம். மேல்பாகத்தைத் திருப்பிப் பார்த்தாலே இந்த வித்தியாசம் விளங்கிவிடும்.

காலத்தை நிர்ணயிக்க முத்திரை உதவும். நம் பக்கத்தில் கிடைக்கும் நல்ல லாந்தர்களில் ஜெர்மனியின் ஃபாயர்ஹாண்ட் ஒன்று. சாக்ஸனி மாநிலத்தின் பயர்ஃபெல்ட் ஊரில் ஹெர்மன் நியர் தொழிற்சாலையில் பிறந்த அந்தப் பெயர், யுத்தத்துக்குப் பிறகு மேற்கு ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்தது. ஆகவே வெறும் 'ஜெர்மனி' என்று பொறித்திருந்தால் அது யுத்தத்துக்கு முந்தியதாயிருக்க இடமுண்டு. 'மேற்கு ஜெர்மனி' என்று பொறித்திருந்தால் அது 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது என்று தைரியமாகச் சொல்லலாம். கண்ணாடியையும் தனியே பரீட்சிக்க வேண்டும். விளக்கு பழையதாயிருக்க, அதன் கண்ணாடி நேற்றுக் கடையில் வாங்கி மாட்டியதாக இருப்பது சர்வசாதாரணம்.

அடுத்தது பெட்ரோமாக்ஸ். பெர்லின் நகரத்து எஹ்ரிச் அண்ட் கிரேட்ஸ் கம்பெனியின் படைப்பாகிய இது, நம் பேச்சில் எல்லாப் பம்பு விளக்குகளுக்கும் பொதுப் பெயராகிவிட்டபடியால், சேகரிப்பவர் தொட்டியில் பொறித்த பெயரைப் படிக்காமல் விலை பேசலாகாது. பம்பு அடித்த காற்று எண்ணெயை மேலே தள்ள, சூடேறிய குழாயில் அது ஆவியாகி, மேண்டிலுக்குள் எரிகிறது. மேண்டிலின் நூல் முதல் எரிப்பிலேயே சாம்பலாகிவிடும். மிஞ்சி நின்று வெள்ளையாய் ஒளிர்வது, ஆஸ்திரியரான கார்ல் அவுயர் 1891-இல் கண்டறிந்த விகிதப்படி, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தோரியம் ஆக்ஸைடும் ஒரு பங்கு சீரியம் ஆக்ஸைடும் சேர்ந்த கூடு. அந்தத் தோரியத்துக்கு மூலப்பொருளான மோனஸைட் மணல் 1909-இல் அன்றைய திருவிதாங்கூரின் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இருப்பது ஷோம்பர்க் என்ற ஜெர்மானியரால் கண்டுபிடிக்கப்பட்டு, அங்கிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. தமிழன் கால் பதித்த மணலே சீமைக்குப் போய், மேண்டிலாகி, மாரியம்மன் திருவிழாவில் தமிழன் தலைமேல் ஒளிர்ந்திருக்கக்கூடும் என்று நினைக்கும்போது மனம் நெகிழ்கிறது. பழைய மேண்டிலின் சாம்பலில் சிறிது கதிரியக்கம் உண்டு. ஆகையால் அதை ஊதிப் பறக்கவிடாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

இருட்டில் மரம் வெட்டியவர்கள் தலையில் கட்டிய கார்பைடு விளக்கு மூன்றாவது. மேல் அறையின் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கி, கீழ் அறையின் கார்பைடுக் கல்லில் பட்டதும் அசிட்டிலின் வாயு பிறக்கும். கீழ் அறையைத் திறந்து விரல் விட்டுப் பாருங்கள். சுண்ணாம்புபோல் வெள்ளை வண்டல் ஒட்டினால் அது உழைத்த விளக்கு.

இவையெல்லாம் பெயருள்ளவை, சந்தையில் விலையுள்ளவை. ஆனால் பெட்ரோமாக்ஸ் எரிந்தது ஆபீசிலும், துரை பங்களாவிலும், கல்யாணப் பந்தலிலும், கூத்து மேடையிலும். லயத்துக் குடும்பம் தினந்தோறும் உண்டதும், பிள்ளை படித்ததும், நோயாளிக்கு மருந்து அளந்ததும் பெயரற்ற தகர விளக்கின் வெளிச்சத்திலேதான். பால் டின்னிலோ மருந்துக் குப்பியிலோ மூடியைத் துளைத்து, சிறு தகரக் குழாயைச் செருகி, பழைய வேட்டிக் கிழிசலைத் திரித்துப் போட்ட அந்த விளக்கை எந்த விலைப்பட்டியலிலும் காணமுடியாது. ஜப்பானியர் காலத்தில் மண்ணெண்ணெய் அருமையானபோது தேங்காய் எண்ணெயில் திரியிட்டு ஒளி தேடிய வீடுகளும் இருந்தன. மின்சாரம் வந்த மறுநாள் முதலில் குப்பைக்குப் போனதும், இன்று தேடினாலும் அகப்படாததும் இந்தத் தகர விளக்குதான். அது இல்லாத சேகரம் துரையின் இரவைக் காட்டுமேயொழிய, வெட்டுக்காரனின் இரவைக் காட்டாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

பெயரற்றதாயினும் அதற்கும் காலம் சொல்ல வழியுண்டு. தகரத்தை மறுபுறம் திருப்பி அடித்திருந்தால் உட்பக்கத்தில் அசல் டின்னின் அச்செழுத்து மிஞ்சியிருக்கும். வியாபார முத்திரையைக் குறிக்கும் 'சாப்' என்ற மலாய்ச் சொல் ரோமன் லிபியில் நான்கு எழுத்தாயிருந்தால், அந்த டின் பெரும்பாலும் 1972-ஆம் வருஷத்து எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது. மூன்று எழுத்தாயிருந்தால் பிந்தியது. ஈயப்பற்று ஒழுங்காக ஓடியிருந்தால் அது பட்டறைக்காரர் வேலை. திட்டுத் திட்டாக இருந்தால் வீட்டு வேலையாக இருக்கலாம்.

கிடைத்ததைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட வேண்டாம் என்று அன்பர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். துரு பரவாதபடி உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிதாக எண்ணெய் பூசினால் போதும். கரியும் பற்றும் அதன் சாட்சியங்கள். கொடுத்தவரிடம், "அம்மா, இது எந்தத் தோட்டத்தில் எரிந்தது? திரி யார் போட்டுக் கொடுப்பார்?" என்று கேட்டு, தோட்டத்தின் பெயரையும், டிவிஷனையும், உத்தேசமான வருஷத்தையும் ஒரு சீட்டில் எழுதி அந்த விளக்கிலேயே கட்டிவிடுங்கள். பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று; ரப்பர் நின்ற நிலத்தில் செம்பனை நிற்கிறது; லயத்து ஜனங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குச் சிதறிவிட்டார்கள். சொல்லத் தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே எழுதிக்கொள்வது நம் கடமை.

கோல சிலாங்கூர் மலாவாத்தி குன்றின்மேல் 1907 முதல் நிற்கும் கலங்கரை விளக்கத்தையும், கடலோர விளக்குகளையும் பற்றி அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)